சொந்த நோக்காடு

சந்தனம்மாளுக்கு வாய் கோணிக்கொண்டது என்று கேட்டதும் ஊரில் பரிதாபப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். விரலை மடக்கிப் பார்த்தவர்கள் அதிகம். கருப்பசாமி கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணி இன்னும் ஒரு மாசம்கூட ஆகவில்லையே என்று மடக்கிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார்கள். வாயைத் திறந்து சொன்னாலாவது திருப்பிக் கேட்கலாம், தலையாட்டுகிறவனை என்னவென்று கேட்பது.

சந்தனம்மாள் லேசுப்பட்ட மனுஷி இல்லை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டை விட்டு விலகி, சீமைக்கருவைக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் வருகிற ஊர் அது. அவளும் வீட்டுக்காரர் பால்சாமியும் அங்கே கரிசல் காட்டில் கொத்தமல்லியும் உளுந்தும் விதைத்துப் பிழைக்கிற சம்சாரிகள். பால்சாமி அதிகம் பேசமாட்டார். அவர் பங்குக்கும் சேர்த்து அவள் பேசுவாள். ஆனால் பேசினால் ஒரே பேச்சு, காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று கிடையாது. வரப்புத் தகராறா, பாகப்பிரிவினையா, "சந்தனம்மா என்ன சொல்றாக?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் வாயெடுப்பார்கள். அதில் அவளுக்குப் பெருமை உண்டு. இருக்கத்தானே செய்யும், சும்மா வந்த பெயரா அது.

அந்தப் பெயருக்குத்தான் பால்சாமியின் பங்காளி காசிராஜன் வேட்டு வைத்தார். பந்தல்குடியில் லாரிகள் நிற்கிற ரோட்டோரத்தில் டயர்க்கடை வைத்து நன்றாக இருக்கிறவர். அந்த வருஷம் சந்தனம்மாள் காட்டுக்கு அங்கிட்டுக் கிடந்த தரிசை வாங்கினார். வாங்கின பிறகுதான் டிராக்டர் உள்ளே போக வழியில்லை என்பது அவருக்கு உறைத்தது. உடனே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். பழைய வண்டிப்பாதை மதினி காட்டுக்குள்ளேதான் போனதாம், அதை உழுது காட்டோடு சேர்த்துக்கொண்டாளாம்.

"பாதை ஓடைக்கரை மேல போச்சு. இப்பக் கருவை மண்டிக் கெடக்கு. வெட்டிட்டுப் போக வேண்டியதுதான?" என்றாள் சந்தனம்மாள்.

"மதினி சத்தியம் பண்ணட்டும். நான் பேச்சை விட்டுர்றேன்" என்றார் காசிராஜன். பண்ணமாட்டாள் என்று நினைத்தார்போல.

அவள் அன்றைக்கே ஊரைக் கூட்டினாள். கருப்பசாமிக்கு முன்னால் சூடத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். "எங்க காட்டுல பாதை கெடையாது. இருந்ததை நான் உழுதிருந்தா இந்த வாயி விளங்காமப் போகட்டும்" என்றாள். காசிராஜன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

ஐப்பசியில் ஒரு விடியற்காலை அவள் வாய் கொப்பளிக்கப் போனாள். உள்ளே விட்ட தண்ணீர் இடது கடைவாய் வழியாகத் தானாக ஒழுகிச் சேலையை நனைத்தது. துப்பப் பார்த்தாள், துப்ப வரவில்லை. கண்ணாடியை எடுத்துப் பார்த்தால் இடது கன்னம் தொங்கி, உதடு வலது பக்கம் இழுத்துக்கொண்டு கிடந்தது. கண்ணை மூடினாள். வலது கண் மூடியது, இடது கண் மூடமாட்டேன் என்றது. அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது நோய் இல்லை, சூடத்துக்கு முன்னால் அவள் சொன்ன வார்த்தைதான். அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள்.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பால்சாமியோடு அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினாள். டாக்டர் சுகந்தி சின்ன வயது, நல்ல கைராசி என்று பேர் எடுத்தவர். நெற்றியைச் சுருக்கச் சொன்னார். கன்னத்தை உப்பச் சொன்னார். கையைத் தூக்கச் சொல்லி, விரலை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி எல்லாம் பார்த்தார்.

"பக்கவாதம் இல்லம்மா, பயப்படாதீங்க. முகத்துக்குப் போற நரம்பு வீங்கியிருக்கு. உடனே வந்ததும் நல்லதாப் போச்சு. மாத்திரை தாரேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுங்க, தூங்கும்போது அந்தக் கண்ணை மூடி ஒட்டிக்கோங்க. முக்கால்வாசிப் பேருக்குச் சரியாயிரும்."

வெளியே கூட்டம் காத்துக் கிடந்தது. பால்சாமி வாசலில் நின்று திரும்பி, "நோயிக்குப் பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

"இடியோபதிக். சீட்டுல எழுதியிருக்கேன் பாருங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பால்சாமி காதில் அது "இடி பாதிச்சிருக்கு" என்று விழுந்தது. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. போன வாரம்தான் அவர்கள் காட்டு மூலையில் நின்ற பனையில் இடி விழுந்து, மட்டையெல்லாம் கருகிப் போயிருந்தது. மனுஷனுக்கு நெஞ்சிலிருந்த பாரம் சடாரென்று இறங்கியது. சத்தியமும் இல்லை சாமி குத்தமும் இல்லை, இடிதான். இத்தனை நாள் பேசாததையெல்லாம் சேர்த்து அன்றைக்கு பஸ்ஸில் பேசினார். கண்டக்டரிலிருந்து முன்சீட்டில் கோழிக்குஞ்சுக் கூடையோடு இருந்த பெண்வரை எல்லாருக்கும் சொன்னார்.

"இடி விழுந்தன்னைக்கு நான் வீட்டுக்குள்ள உளுந்து பொடைச்சுக்கிட்டுல்ல இருந்தேன்" என்றாள் சந்தனம்மாள், வாய் குழற.

"ஒனக்குத் தெரியாம இறங்கியிருக்கும்."

இரண்டு நாள் அவளுக்கு ஊரில் ஒரே மரியாதை. இடி பாதித்தும் உசுரோடு இருக்கிறாளே என்று பக்கத்து ஊரிலிருந்துகூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் காசிராஜன் மெதுவாக ஒரு கேள்வியைப் போட்டார். இடி யார் கையில் இருக்கிறது? பனையோடு நிற்காமல் வீட்டுக்குள் தேடி வந்து, ஆளைக் கண்டுபிடித்து, சரியாக வாயில் இறங்க வேண்டிய அவசியம் என்ன? "அவுகதான கேட்டாக, வாயி விளங்காமப் போகட்டும்னு. கேட்டது கெடைச்சிருச்சு" என்றார். பால்சாமி பொண்டாட்டியைக் காப்பாற்றுவதாக நினைத்து எடுத்துக் கொடுத்த இடி, அவள் தலையிலேயே வந்து விழுந்தது.

பாவம், அவர் அதோடு விட்டாரா? டாக்டர் எழுத்திலேயே இருக்கிறது என்று சீட்டை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார். அங்கே காசிராஜன் மகன் ஜெயபாண்டி இருந்தான். என்ஜினீயரிங் படித்துவிட்டு மெட்ராஸில் வேலை பார்க்கிறவன், லீவுக்கு வந்திருந்தான். சீட்டை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"பெரியப்பா, இது இடியும் இல்ல, மின்னலும் இல்ல. இடியோன்னு ஆரம்பிச்சா இடியட்டு. பெரியம்மாவுக்கு வேற எங்கயோ கோளாறு" என்று தலையைத் தொட்டுக் காட்டினான்.

விளையாட்டாகச் சொன்னதுதான். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் சிரிக்காமல் அதைப் பிடித்துக்கொண்டார் காசிராஜன். சாமி அடித்திருந்தால் சத்தியம் பொய். புத்தி பிசகியிருந்தால் சத்தியம் செல்லாது. எப்படிப் பார்த்தாலும் பாதையை விட்டாக வேண்டும், வெள்ளிக்கிழமை ஊர் கூடட்டும் என்றார்.

பால்சாமி வீட்டுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். சந்தனம்மாளுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. காட்டில் ஒரு வண்டி அகலம் போனால் போகட்டும். அதற்காக இல்லை. இனிமேல் அந்த ஊரில் யாராவது "சந்தனம்மா என்ன சொல்றாக?" என்று கேட்பார்களா? கேட்டாலும் ஓரக்கண்ணால் வாயைப் பார்த்துக்கொண்டுதானே கேட்பார்கள்? அதை நினைத்ததும் டாக்டர் சீட்டை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"நான் டவுனுக்குப் போறேன். அந்தத் தாயி எதுக்கு அப்படி எழுதுச்சுன்னு கேட்டுட்டு வாரேன்."

"வாயைப் பொத்திக்கிட்டுப் போ" என்றார் அவர், அக்கறையாகத்தான்.

"எதுக்குப் பொத்தணும்? நான் என்ன திருடிட்டா வந்திருக்கேன்?"

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கோணின முகத்தோடு பஸ்ஸில் முன்வரிசையிலேயே உட்கார்ந்து போனாள். பார்த்தவர்களைத் திருப்பிப் பார்த்தாள். பார்த்தவர்கள்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

டாக்டர் முன்னால் சீட்டை வைத்தாள். 'ப', 'ம', 'வ' எது வந்தாலும் உதடு ஒட்டாமல் காற்றாகப் போனது. அதனால் இடது கடைவாயை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"என்னைப் பாத்தா ஒங்களுக்குக் கிறுக்கச்சி மாதிரியா தெரியுது தாயி? எதுக்கு இடியட்டுன்னு எழுதுனீக?"

சுகந்திக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. எதிரில் இருந்த முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

"ஐயோ, இடியட்டு இல்லம்மா. இந்த நோய் வந்ததுக்குக் காரணம் தெரியலைன்னா அப்படி எழுதுவோம்."

"காரணம் தெரியலையா?"

"ஏதாவது கிருமியா இருக்கலாம்னு சொல்றாங்க. உறுதியா யாருக்கும் தெரியல."

சந்தனம்மாள் விரலைக் கடைவாயிலிருந்து எடுத்துவிட்டாள். "அப்ப நீங்களே அவுகளுக்கு எடுத்துக் கொடுத்துட்டீகளே. டாக்டருக்குக் காரணம் தெரியலைன்னா, காரணம் சாமிதான்னு சொல்ல மாட்டாகளா?" என்றாள். பிறகு சத்தியத்தை, பனையை, டீக்கடைச் சிரிப்பை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. நோய்க் கண்ணிலிருந்து அது எப்போதும் வடிந்துகொண்டே இருந்ததால், அழுகிறாள் என்று வலது கண்ணைப் பார்த்துத்தான் டாக்டருக்குத் தெரிந்தது.

சுகந்தி பேனாவை மூடி வைத்தார்.

"காரணம் தெரியலைங்கறது இப்ப நாங்க எடுத்துக்கிட்ட அர்த்தம். அந்த வார்த்தையை உடைச்சுப் பாத்தா அர்த்தம் வேற. எங்க காலேஜுல ஒரு மேடம் எந்தப் பேரையும் உடைச்சுச் சொல்லாம விடமாட்டாங்க. இது கிரேக்க பாஷை. இடியோஸ்னா, தனக்கே சொந்தமானது. பாதோஸ்னா வேதனை, நோவு. சக்கரையால வந்துச்சு, அடிபட்டு வந்துச்சுன்னு இன்னொண்ணு மேல சாட்ட முடியாத நோவு. அது தானா வந்தது. தனக்குச் சொந்தமான நோவு."

"பாதோஸா? எங்க வீட்டுக்காரவுக காதுல பாதிச்சிருக்குன்னு விழுந்துச்சு."

"சத்தம்தான் ஒத்துப்போகுது. மத்தபடி ரெண்டுக்கும் உறவு ஒண்ணும் இல்ல."

சந்தனம்மாள் அந்த அர்த்தத்தைத் தன் பேச்சுக்குக் கொண்டுவந்து பார்த்தாள். "சொந்த நோக்காடு" என்றாள். சொன்னவளுக்கே ஆச்சரியம். வாய் கோணினதிலிருந்து ஒரு வார்த்தை உடையாமல் முழுசாக வந்து விழுந்தது அதுதான். உதடு இரண்டும் ஒட்ட வேண்டிய எழுத்து அதில் ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப இடியட்டு?"

"அதுவும் இதே வேருல இருந்து வந்ததுதாம்மா. ஊர்ப் பொதுக்காரியத்துல தலையிடாம, தன் சோலி உண்டு தான் உண்டுன்னு இருந்தவனைக் கிரேக்கத்துல அப்படிக் கூப்பிட்டாங்க. போகப்போக விவரம் இல்லாதவன்னு ஆயிருச்சு."

"ஊர்க் காரியத்துக்கு வராதவனா?" சந்தனம்மாள் முகத்தின் வலது பாதி மலர்ந்தது. "கண்மாய் மராமத்துக்கு எங்க கொழுந்தனாரு ஒரு நாளாச்சும் மம்பட்டி தூக்கிட்டு வந்திருப்பாரா? இது தெரியாமப் போச்சே அந்தப் படிச்ச பையலுக்கு."

டாக்டர் இந்தத் தடவை சிரிப்பை அடக்கவில்லை. தை பிறப்பதற்குள் பெரும்பாலும் சரியாகிவிடும், மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கருப்பசாமி கோயில் முன்னால் ஊர் கூடியது. பூசாரி சின்னச்சாமிதான் பேச்சை எடுத்தார். யாரையும் நோகடிக்கத் தெரியாத மனுஷர். நாலு பக்கமும் கேட்டுவிட்டு ஒரு வழி சொன்னார்.

"டாக்டரு தைக்குள்ள சரியாயிரும்னு சொல்றாக. தை வரைக்கும் பொறுப்போம். தங்கச்சி வாயி நேராயிருச்சுன்னா சத்தியம் மெய்யி. நேராகலைன்னா காசிராஜனுக்குப் பாதை விட்டுறணும். என்னப்பா?"

காசிராஜன் சரி என்றார். இந்த வாய் எங்கே நேராகப்போகிறது என்ற நினைப்பு அவருக்கு. பால்சாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டாக்டரே சொல்லிவிட்டாரே, பேசாமல் இருந்தால் ஜெயித்துவிடலாமே. "சரின்னு சொல்லு, சரின்னு சொல்லு" என்று பின்னாலிருந்து கிசுகிசுத்தார்.

சந்தனம்மாளுக்கும் அது புரியாமல் இல்லை. ரெண்டு மாசம் மாத்திரையைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும், காடும் தன்னுடையது, பேரும் தன்னுடையது. ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"இல்ல" என்றாள்.

பால்சாமி தலையில் கையை வைத்துக்கொண்டார்.

அவள் அன்றைக்குப் பேசினது இங்கே எழுத்தில் நேராக இருக்கிறது. அன்றைக்குக் காதில் விழுந்தது அப்படி இல்லை. பாதி எழுத்து காற்றாகப் போனது. கடைவாயில் எச்சில் வழிந்தது. கடைவாயைத் தூக்கிப் பிடிக்க விரலையும் கொண்டுபோகவில்லை, எச்சிலைத் துடைக்கவும் இல்லை.

"நாளைக்கு நேரானா மெய்யின்னு நான் ஒத்துக்கிட்டா, இன்னைக்குக் கோணியிருக்கதால பொய்யின்னும் ஒத்துக்கிட்டதா ஆயிரும். ஒத்துக்க மாட்டேன் அண்ணே. எனக்குச் சரியாயிரும், சரி. இன்னொருத்திக்கு ஆகாமப் போனா? அவ பொய்க்காரியா? இது இடி இல்ல. எங்க வீட்டுக்காரவுக தப்பாக் கேட்டுட்டாக. இடியட்டும் இல்ல ஜெயபாண்டி, டாக்டர் கிட்டக்கக் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொந்த நோக்காடு. மனுஷனும் கொடுக்கல, சாமியும் கொடுக்கல. எனக்குத் தானா வந்தது. என் நோக்காடு யாருக்கும் சாட்சி சொல்ல வராது, எனக்கே வராது. சாட்சி வேணும்னா இந்தா நான் நிக்கேன்."

சொல்லிவிட்டுச் சூடத்தை எடுத்துத் தானே ஏற்றினாள். முன்னால் சொன்ன அதே வார்த்தைகள். பாதை என்று வரவில்லை, வாயி என்று வரவில்லை, விளங்காமல் என்று வரவே இல்லை. ஒவ்வொன்றையும் விடாமல் சொன்னாள். பாதி போன வாயை வைத்துக்கொண்டு மீதி வாயையும் பந்தயம் கட்டுகிறவளைப் பார்த்து யாருக்குச் சிரிப்பு வரும்? உள்ளங்கை விழுந்தது, சூடம் அணைந்தது.

"பாதை ஓடைக்கரையில கெடக்கு. எல்லாரும் சேந்து கருவையை வெட்டுவோம். நானும் அருவாளோட வாரேன். கொழுந்தனாரும் வரட்டும், ஊர்க் காரியத்துக்கு ஒரு நாள் வந்தாக் கொறைஞ்சு போயிர மாட்டாக."

ஜெயபாண்டிதான் முதலில் தலையைக் குனிந்தான். சின்னச்சாமி விபூதித் தட்டை எடுத்துக்கொண்டு வந்து சந்தனம்மாளுக்கு முதலில் கொடுத்தார். அதற்குப் பிறகு காசிராஜன் பேசி எடுபடுமா? அவரும் வாங்கிப் பூசிக்கொண்டார்.

அடுத்த வாரம் ஜேசிபி வைத்து ஓடைக்கரைக் கருவையைப் பிடுங்கினார்கள். சந்தனம்மாள் சொன்னபடி அருவாளோடு வந்து நின்றாள். மண்ணை வழித்ததும் கீழே சுக்கான்பாறை தெரிந்தது, அதில் வண்டிச் சக்கரம் தேய்த்த இரண்டு தடம், கரையோடு வளைந்து காசிராஜன் காடுவரைக்கும் போனது. பால்சாமி அந்தத் தடத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் சும்மா நடந்து பார்த்துவிட்டு வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை ஊர் பார்த்ததில்லை.

தை பிறந்தது. மல்லி பூத்து முடிந்திருந்தது. சந்தனம்மாளுக்கு வாய் நேராகிவிட்டது. உற்றுப் பார்க்கிறவர்களுக்கு மட்டும், சிரித்தால் இடது ஓரம் ஒரு நெல்லளவு தாழ்ந்திருப்பது தெரியும். பொங்கலுக்கு மறுநாள் காசிராஜன் ஒரு கட்டுக் கரும்போடு வீடு தேடி வந்தார். வந்தவர் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார்.

"மதினி, நான் பேசுனதை மனசுல வச்சுக்கிறாதீக. வாயி நேராயிருச்சு பாத்தீகளா. ஒங்க சத்தியம் மெய்யின்னு சாமியே காட்டிருச்சு."

பால்சாமி பூரித்துப் போய்ப் பொண்டாட்டியைப் பார்த்தார். இதைவிட வேறென்ன வேண்டும், எதிராளியே வாசலுக்கு வந்து ஒப்புக்கொள்கிறான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது.

சந்தனம்மாள் கரும்பை வாங்கிச் சுவரோரம் சாத்தினாள்.

"சாமிக்கு இதுல சோலி ஒண்ணும் இல்ல தம்பி. எனக்குச் சொந்தமா வந்துச்சு, சொந்தமாப் போயிருச்சு. நான் பொய் சொல்லலைங்கறதுக்கு நான் போதும்" என்றாள். ஒவ்வொரு 'ப'வும் ஒவ்வொரு 'ம'வும் உதட்டில் ஒட்டித் தெறித்து விழுந்தன. "உக்காருங்க. காப்பி போடுறேன், குடிச்சிட்டுப் போங்க."